ஏழாம் நம்பர் வண்டி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். முனிசிபல் கவுன்சிலில் நான் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில், ராஜினாமா செய்கிறேன் என்று எத்தனை தடவை எழுந்து கத்தியிருப்பேனோ, எனக்கே நினைவில்லை. நான் கத்தி முடித்ததும் சேர்மன் பியூனைக் கூப்பிட்டு, "பாய் ராஜினாமா பண்ணிட்டாரு, காபி கொண்டா" என்பார். காபி வரும். நானும் குடிப்பேன்.

இங்கே எழுதப்போவது அந்தச் சண்டைகளில் ஒன்றைப் பற்றி. ஊருக்கு ஒரு மோட்டார் பஸ் வேண்டும் என்று கேட்டு, கடைசியில் குப்பை வண்டி மாட்டோடு ஊர்வலம் போன கதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மூத்த மகளுக்கு அந்த வருஷம் பத்து வயது முடிந்தது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு முடிக்கிற சமயம். எங்கள் வீடுகளில் அந்த வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் தெருவில் நடக்க மாட்டார்கள். ஒரு நாள் காலையில் என் மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நோன்புப் பெருநாளுக்கு அப்புறம் இவ நடந்து போகக் கூடாதுங்க. மூடின வண்டி இருந்தா போகட்டும். இல்லாட்டி நின்னுக்கட்டும்."

"நீயே இப்படிச் சொன்னா எப்படி?"

"நான் சொல்லாட்டி ஊரு சொல்லும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்."

என் மகள் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். காதும் வாயும் அவளுக்கு என்னைப் போலவே. மத்தியானம் என் மரப்பட்டை மண்டிக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஆளோடு கூடவே வந்து நின்றாள். "அத்தா, அஞ்சாங் கிளாஸ்ல பின்னம் சொல்லித் தருவாங்களாம். எனக்கு நின்னுடுமா?" என்று கேட்டாள். "நிக்காது" என்றேன். எப்படி நிற்காது என்று யோசிக்காமலே வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஒரு ஜட்கா பேசிவிட்டால் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன். நான் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு ஆவாரம் பட்டை விற்கிறவன். பெரிய முதலாளி இல்லை, ஆனாலும் தினம் ஒரு ஜட்காவுக்குக் கொடுக்க முடியாத ஆளும் இல்லை. ஜட்காக்காரர்கள்தான் கையை விரித்தார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில்தான் காலை ரயில் வரும். ரயில் ஊதினால் போதும், ஸ்டாண்டில் ஒரு ஜட்கா நிற்காது. "ரயில் சவாரிய உட்டுட்டு பள்ளிக்கூடத்துக்கு வர முடியுமா பாய்?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அதோடு, ஜட்காவில் முன்பாரம் பின்பாரம் பார்த்து உட்கார்த்தினால் நான்கு பேருக்கு மேல் ஏற முடியாது.

எனக்கு நான்கு பேர் போதவும் போதாது. அதைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று ஒன்று நிலையாக இருந்ததே இல்லை. நான்காவது முடிந்ததும் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள். இந்த வருஷம் சோதனையாக நடத்திப் பார்க்கலாம் என்று வேலூரிலிருந்து உத்தரவு வந்திருந்தது. மூன்று மாதம் கழித்து இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் வருவார். அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு பெஞ்சில் எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு பேர் இருந்தால்கூட வகுப்பை மூடிவிடுவார்கள்.

"உங்க பொண்ண மட்டும் தங்கப் பல்லக்குல அனுப்பினாலும் பிரயோஜனமில்ல பாய்" என்றார் அந்த அம்மாள். "கூட ஏழு பேரு வேணும். ஏழு பேரும் ஊர்ல ஏழு மூலைல இருக்காங்க."

அந்த வாரம் பட்டை வாங்க ஒடுகத்தூருக்குப் போனேன். வேலூரிலிருந்து மோட்டார் பஸ். புழுதியும் பெட்ரோல் நாற்றமும் வேர்க்கடலை மூட்டையுமாக இருந்தாலும், கட்டை வண்டியில் ஒரு நாள் முழுக்க முதுகு ஒடிய ஆடிக்கொண்டு போன தூரத்தைக் காலைப் பொழுதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நம் ஊருக்குள்ளே இப்படி ஒன்று ஓடினால் என்ன? ரயிலடியில் புறப்பட வேண்டும். தாலுகா கச்சேரி, கடைத்தெரு, ஆஸ்பத்திரி, பெண்கள் பள்ளிக்கூடம் என்று வந்து, ஆற்றங்கரைத் தோல் ஷாப்புகளில் முடிய வேண்டும். பின்பாதியில் பெண்களுக்குத் திரை. ரயிலுக்கு வருகிறவனும் போகலாம், ஷாப்புக்குப் போகிற கூலியாளும் போகலாம், என் மகளும் போகலாம். ஊர் வந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கவுன்சிலில் எழுந்து சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஓவர்சியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி சேர்மனிடம் நீட்டினார். சேர்மன் படித்தார்.

"பஸ் வாங்கினா இந்த வருஷம் தெரு லாந்தர் ஒண்ணுகூட எரியாது. ரோட்டுக்கு ஒரு கூடை ஜல்லி விழாது. டிரைவர் சம்பளமும் பெட்ரோலும் தனி. இன்னா பாய் சொல்றீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு கவுன்சிலரான லுங்கிக்கடைக்காரர் எழுந்துவிட்டார். குடியாத்தத்து நெசவு வீட்டு ஆள். எங்கள் கடைத்தெருவின் முனையில் கடை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் எரியும்.

"பஸ்ஸு கடைத்தெருவுல திரும்பணும்னா என் கடைய இடிச்சாத்தான் திரும்பும். இடிங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. நஷ்ட ஈட்டுக்கு முனிசிபாலிட்டில துட்டு இருக்குதான்னு மட்டும் பாத்துட்டு இடிங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஊருக்கு பஸ்ஸா, பாய் வூட்டுப் பொண்ணுக்கு பஸ்ஸா?" என்றார்.

"என் பொண்ணுக்குத்தான்யா!" என்று மேஜையில் ஓங்கிக் குத்தினேன். "என் பொண்ணுக்குக் கேக்காம உன் பொண்ணுக்கா கேப்பேன்? உனக்குக் கேக்கத் துப்பு இருந்தா நீ கேளு!" வழக்கம்போல ராஜினாமா என்று கத்திவிட்டு வெளியே வந்து விடுவிடுவென்று நடந்தேன். பாதி வழியில்தான் கால் சுட்டது. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போய் எடுத்துக்கொள்ள என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. ஊரெல்லாம் தோல், எனக்குக் காலில் செருப்பில்லை.

மறுநாள் காலையில் செருப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பட்டை மண்டிக்கு வந்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த லுங்கிக்கடைக்காரரேதான். மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து நீங்க கேட்டதுல தப்பில்ல பாய். ரொம்பப் பெருசா கேட்டுட்டீங்க, அவ்ளோதான். முனிசிபாலிட்டில இன்னா சும்மா கெடக்குதுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

"கவுன்சிலருங்க நாமதான் சும்மா கெடக்கறோம்."

"நம்மள எந்த வண்டில பூட்டறது?" என்று அவரும் சிரித்தார். "மாட்டச் சொல்றேன். குப்பை வண்டி மாடுங்க காலைல சீக்கிரமே வேலைய முடிச்சுடுது. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கொட்டகைல நின்னு முனிசிபாலிட்டி வைக்கோலத் தின்னுது. ஓட்டறவனுக்கும் சம்பளம் குடுத்தாச்சு. கூண்டு போட்ட வண்டி ஒண்ணு மட்டும் புதுசா பண்ணினாப் போதும். லாந்தரும் அணையாது, ஜல்லியும் நிக்காது."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "என் பொண்ணு குப்பை மாட்டுக்குப் பின்னாலயா போவணும்?"

"மாட்டுக்கு இன்னா தெரியும் பாய், பின்னால குப்பை இருக்குதா புள்ளைங்க இருக்குதான்னு?"

நான் சொன்னது மாட்டை மட்டும் இல்லை. அதை ஓட்டுகிறவரையும் சேர்த்துத்தான் மனசுக்குள் வைத்துச் சொன்னேன். அது அவருக்கும் புரிந்தது. "மழையோ வெயிலோ, இந்த ஊர்ல ஒரு நாளும் நேரம் தப்பாம நடக்கற வேலை அந்த ஆளு செய்யறது ஒண்ணுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இதை எழுதும்போதும் வருகிறது.

கவுன்சில் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மட்டும், சோதனையாக, கூடுதல் செலவில்லாமல் என்று தீர்மானம். தச்சர் வண்டி செய்தார். மேலே மூங்கில் வளைத்துப் பாய்க் கூண்டு. திரைக்குத் துணி லுங்கிக்கடையிலிருந்து இனாமாக வந்தது. பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட லுங்கித் துணிதான், வேறென்ன வரும்? துணைக்குப் போக ஒரு விதவை அம்மாளை ஏற்பாடு செய்தோம். வாய் நீளம், நடத்தையில் யாரும் குறை சொல்ல முடியாது.

பெயிண்ட் அடிக்கிற வேலையை ஓவர்சியரிடம் விட்டதுதான் நாங்கள் செய்த பைத்தியக்காரத்தனம். அந்த மனிதர் சிக்கனத்துக்குப் பேர் போனவர். குப்பை வண்டிகளுக்கு அடித்து மீந்திருந்த கறுப்பு பெயிண்டையே அதற்கும் அடித்து, குப்பை வண்டிகள் ஆறு இருந்ததால் இதன் பக்கத்தில் வெள்ளையாகப் பெரிதாக ஏழு என்று நம்பரும் போட்டுவிட்டார். நான் பார்த்தபோது பெயிண்ட் காய்ந்துவிட்டிருந்தது.

இருந்தாலும் முதல் நாள் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பைத் துடைத்து, கழுத்தில் மணி கட்டியிருந்தார் வண்டிக்காரர். அவரும் வெள்ளை வேட்டியில் வந்தார். என் மகள் ஏறினாள். பக்கத்துத் தெருக்களிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் ஏறினார்கள். நான் பின்னால் நடந்தேன். ஒரு சந்து தாண்டியிருக்கும். மாடு இரண்டும் தாமாக ஓரம் ஒதுங்கி நின்றுவிட்டன. எங்கே என்று பார்த்தால், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

"ஓட்டுப்பா!" என்றேன்.

வண்டிக்காரர் தார்க்குச்சியை ஆட்டினார், வாலைத் தொட்டார், கெஞ்சினார். மாடு அசை போட்டுக்கொண்டு நின்றது.

"மொதலாளி, தப்பா நெனக்காதீங்க. தொட்டிய வாரிக் கொட்டினதும் மம்பட்டியால பலகைல ரெண்டு தட்டு தட்டுவேன். அந்த சத்தம் கேட்டாத்தான் இதுங்க காலெடுக்கும். எட்டு வருஷப் பழக்கம்."

"அப்ப தட்டுய்யா!"

"மம்பட்டி கொண்டாரக் கூடாதுன்னு ஓவர்சியர் சொல்லிட்டாருங்க. புள்ளைங்க போற வண்டி, சுத்தமா இருக்கணும்னாரு."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவன், "குப்பை எடுத்தாச்சா?" என்று கத்த, இன்னொருவன், "உள்ள இருக்குது பாரு!" என்றான். கையில் கிடைத்ததை எடுத்து அவன் மண்டையில் போட்டிருப்பேன், ஒன்றும் கிடைக்கவில்லை. கொட்டகைக்கு ஆள் ஓடிப்போய் மண்வெட்டி கொண்டுவந்தான். வண்டிக்காரர் பலகையில் டங் டங் என்று இரண்டு தட்டு தட்டினார். மாடுகள் ராஜா மாதிரி நடந்தன. அடுத்த தொட்டியில் மறுபடி நின்றன. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது முதல் பாடமே முடிந்திருந்தது.

சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்க பாய், நம்ம பொண்ணு நாளைலேர்ந்து வராது." என் மனைவி என்னோடு பேசவில்லை. என் மகள் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டு அழுதாள். "குப்பைன்னு சொன்னாங்க அத்தா." என் மானம் போனது பெரிதில்லை, அந்தப் பிள்ளையை அல்லவா தெருவில் வைத்துச் சிரித்துவிட்டார்கள்!

"அந்த வண்டிய நாளைக்கே கொளுத்திடறேன்" என்று எழுந்தேன்.

அழுதுகொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். "கொளுத்திட்டா நாளைக்கு எதுல போறது?"

மறுநாளும் போனாள். கூடத் துணைக்கு வந்த அம்மாள் மட்டும். இத்தனை பெரிய வண்டியில் ஒரே ஒரு பெண், அதுவும் கவுன்சிலர் மகள். பின்வரிசைக்காரர் சொன்னதை நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். கடைத்தெருவில் 'பாய் வூட்டு ரதம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வாரம் நான் கடைத்தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு நாள் வண்டி திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து என் மகளோடு வேறொரு பெண்பிள்ளை கைக்குழந்தையோடு இறங்கிச் சந்துக்குள் போவதைப் பார்த்துவிட்டேன். துணைக்குப் போகிற அம்மாளைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"பள்ளிக்கூடப் புள்ளைங்களுக்கு மட்டும்னு தீர்மானம் போட்டிருக்குது, தெரியுமா?"

"தெரியும். கொழந்தைக்கு மூணு நாளா ஜொரம். அவ வூட்டுக்காரரு ஆம்பூர் போய்ட்டாரு. ஜட்கா கூட்டியார வூட்ல ஆம்பள இல்ல. வண்டி தெனமும் அவ சந்து முனைல நிக்குது, ஆஸ்பத்திரி வழியாப் போவுமான்னு கதவோரம் நின்னு கேட்டா. ஏறுன்னேன். வேணும்னா தீர்மானத்த நீங்களே போய் அவ கிட்ட படிச்சுக் காட்டுங்க."

"கொழந்தைக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் லுங்கிக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நடந்தேன். அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டிகளை எங்கே வைத்திருந்தோம்? ஒவ்வொரு சந்தின் முனையிலும். வீட்டுப் பெண்கள் நாலு எட்டு வைத்து வந்து கொட்டிவிட்டுப் போகிற தூரத்தில். மாடுகள் அத்தனை முனையிலும் நின்றன, தினமும் அதே நேரத்துக்கு. முந்தின சந்தில் மண்வெட்டி டங் டங் என்று தட்டுகிற சத்தம் கேட்டதும், அடுத்த சந்தில் கதவுகள் ஒரு விரல்கடை திறந்தன. எத்தனை வீட்டில் எத்தனை கண்கள்! வெளியே போக வேண்டுமென்றால் யாராவது ஓர் ஆணைப் பிடித்து, ஸ்டாண்டுக்கு அனுப்பி, பேரம் பேசி, ஜட்காவை வாசலுக்கு வரவழைக்க வேண்டும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு. ஆண் இல்லாத நேரத்தில் பிள்ளைக்கு ஜுரம் வந்தால் ஜுரத்தோடு கிடக்க வேண்டியதுதான். இந்த வண்டியை யாரும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. அதுவாக வந்து நின்றது.

நான் கேட்ட பஸ் எங்கே நின்றிருக்கும்? ரயிலடி, கச்சேரி, கடைத்தெரு. எல்லாம் ஆண்கள் நிற்கிற இடம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு இந்தச் சந்துகளைத் தாண்டிப் போயிருக்கும். யா அல்லா, மகளுக்காக என்று மேஜையில் குத்திவிட்டு, அவள் எங்கிருந்து ஏறுவாள் என்றுகூட யோசிக்காமல்தானே இருந்திருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், தலைய தட்டிக்கிறீங்க? நீங்களும் தட்டினாத்தான் நடப்பீங்களா?" என்றார் லுங்கிக்கடைக்காரர். மனுஷர் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்.

பெண்களும் காலணா கொடுத்து ஏறலாம் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கினோம். செலவில்லாத காரியம் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. ஓவர்சியரிடம் நான் நயமாகப் பேசி, அதாவது அரை மணி நேரம் கத்தி, வண்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்க வைத்தேன். ஏழாம் நம்பரை மட்டும் அழிக்கவில்லை. அதற்குள் அதுதான் வண்டியின் பெயராகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு, தாய் வீட்டுக்கு, ரயிலடிக்கு என்று பெண்கள் ஏறினார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் இல்லை, நெசவுக்காரத் தெருவிலிருந்தும் ஏறினார்கள். குப்பை வண்டிக்காரர் ஓட்டுகிற வண்டி என்று முகம் சுளித்த வீட்டுக்காரர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பல்வலி வந்தது, அவர்களும் வந்து ஏறினார்கள்.

எல்லாம் சரி. ஆனால் பெஞ்சில் எட்டுப் பெண்கள் வேண்டுமே! விலகின மூன்று பேரில் இருவர் திரும்பி வந்தார்கள். புதிதாக இரண்டு பேர். என் மகளோடு ஐந்து. இன்ஸ்பெக்ட்ரஸ் வருவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதும் ஐந்து, முதல் நாள் சாயங்காலமும் ஐந்து. நான் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து வருகிற தகப்பன்மாரை ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சினேன். நான், கெஞ்சினேன்! "பாக்கலாம் பாய்" என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். வீட்டில் பொண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது வேறு, பெண் தினம் வெளியே போவது வேறு என்று ஒருவர் விளக்கமாகவே சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அஞ்சு பேருதான். நாளையோட முடிஞ்சுது. அவ கிட்ட நீயே சொல்லிடு, என்னால முடியாது." அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். "யார் யார் வூட்ல கேட்டீங்க?" என்றாள். பெயர்களைச் சொன்னேன். "ஆம்பளைங்க கிட்டதான் கேட்டீங்களா?" என்றாள். வேறு யாரிடம் கேட்பது என்று எரிந்து விழுந்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

காலையில் நான் முன்னதாகவே பள்ளிக்கூடத்துக்குப் போய் வாசல் கேட்டருகே நின்றுவிட்டேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ரயிலடியிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார். தலைமையாசிரியை அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். மணி அடித்தது. வண்டி வரவில்லை. இரண்டு தெரு தள்ளி டங் டங் என்று சத்தம் கேட்டது. அப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. ஐந்து பேராவது வந்து சேரக் கூடாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாட்டைத் திட்டினேன், ஓவர்சியரைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். மறுபடி டங் டங். மறுபடி ஒன்றுமில்லை. உள்ளே முதல் வகுப்புப் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்துவிட்டார்கள்.

கடைசியில் வண்டி முனை திரும்பியது. பாரத்தில் மாடுகள் தலையைக் குனிந்துகொண்டு இழுத்தன. வண்டிக்காரர் இறங்கித் திரையைப் பார்க்காமல் மாட்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தினமும் அப்படித்தான் நிற்பார். முதலில் துணைக்குப் போகிற அம்மாள் இறங்கினாள். பின்னாலேயே என் மகள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. நான்கு, ஐந்து. ஐந்தாவது பெண் இறங்கியதும் திரை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. ஆறாவதாக ஒருத்தி இறங்கினாள். பாவாடையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கி ஏழாவது. எட்டு. ஒன்பது!

"இன்னாம்மா இது? எப்படி?" என்று துணைக்குப் போகிற அம்மாளைக் கேட்டேன்.

"என்னக் கேக்காதீங்க. உள்ள இருக்கறவங்களக் கேளுங்க. ஒவ்வொரு முனைலயும் வண்டிய நிறுத்தி வச்சு, கதவோரம் நிக்கற தாயாருங்கள எல்லாம் கூப்புட்டு, 'என் பொண்ணு இதுல உக்காந்திருக்கா, நானும் உக்காந்திருக்கேன், உங்க பொண்ணையும் அனுப்புங்க, நானே கொண்டுபோய் உட்டுட்டுத் திரும்பக் கூட்டியாறேன்'னு சொல்லி ஏத்திக்கிட்டாங்க. அனுப்பாத வூட்டு முனைல மம்பட்டிய தட்ட உடல. அதான் லேட்டு."

திரையை விலக்கிக்கொண்டு பத்தாவதாக இறங்கியது, புர்கா போட்ட பெரிய பெண்பிள்ளை. முகம் தெரியவில்லை. தெரிய வேண்டுமா என்ன? கல்யாணமாகி வந்த நாளாகக் கல்யாணத்துக்கும் சாவு வீட்டு மையத்துக்கும் தவிர வாசல் தாண்டாதவள், அதுவும் என் துணையில்லாமல் ஒரு நாளும் தாண்டாதவள், பட்டப்பகலில் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறாள். சொன்னால் தடுத்துவிடுவேன் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்துத்தான் இருப்பேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேருக்கு நடுவில் ஒரு கவுன்சிலர் அழக் கூடாது என்று மீசையைத் தடவிக்கொண்டே கேட்டுக்குக் குறுக்கே மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா பாத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்றாள் அவள். "ஒம்போது புள்ளைங்க உள்ள போவணும். வழிய உடுங்க."

நான் நகர்ந்து வழியை விட்டேன்.